பூங்காவுக்குப் பூட்டு போடச் சொன்ன மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சர்க்கரை போடாமல்.

இதில் சர்க்கரை நோய் பற்றி இருக்கிறது. அண்ணா நகர் பற்றி இருக்கிறது. நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

நான் குடியிருப்பது சென்னை அண்ணா நகரில். வாடகை வீடு. அரசு மருத்துவர் சம்பளத்தில் அண்ணா நகரில் சொந்த வீடு என்று பேச்செடுத்தால் என் மனைவியே சிரித்துவிடுவார். அவருக்கு ஆபீஸ் பக்கம், பையனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். அதனால் மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டை ஹவுஸ் ஓனரிடம் கொடுத்துவிட்டு இருக்கிறோம்.

ஊர் பிடித்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நேர்கோடு போட்ட மாதிரி அகலமான அவென்யூக்கள், வழியெல்லாம் மர நிழல், நடந்து போகும் தூரத்தில் பூங்கா.

நான் பிறந்து வளர்ந்த ஊரில் பூங்கா கிடையாது. கண்மாய்க்கரை உண்டு. அதில் ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போவார்கள், காலையில் செம்போடு போவார்கள். யாரும் அதற்கு 'வாக்கிங்' என்று பெயர் வைக்கவில்லை.

இங்கே வந்த புதிதில், விடிவதற்கு முன்னாலேயே ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்து வியப்பாக இருக்கும். ஆறே மாதத்தில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். தொப்பை நான்கு சென்டிமீட்டர் குறைந்தது. (டேப் வைத்து அளந்தேன். நம்புங்கள்.)

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. எந்தத் தெரு, எந்தப் பூங்கா என்று சொல்லப்போவதில்லை. இங்கே யாரையும் நாறடிப்பது என் நோக்கம் இல்லை. தவிர, நாறடிப்பதாக இருந்தால் முதல் ஆளாக நான்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன்.

ஜனவரி மாதம். இரவு டியூட்டி முடித்து வீட்டுக்குள் நுழைகிறேன். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இருவர் ஒரு தாளோடு நின்றார்கள். பூங்காவை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பூட்டி வைக்க வேண்டும். 'வெளியாட்கள்' உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது, படுத்துத் தூங்குவது எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். இதுதான் மனு.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் பீர் பாட்டில் கிடந்தது உண்மை. பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் வெறும் காலில் ஓடி, பாட்டில் சில்லு ஏறி, நானே அவனுக்கு மூன்று தையல் போட்டேன். அதனால் என்னிடம் அவர்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தூக்கக் கலக்கம் வேறு. கையெழுத்து போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் எம்பிபிஎஸ் என்றும் எழுதினேன். மனுவுக்கு அது ஒரு கனம் கொடுக்கும் என்று சங்கத்துக்காரர் சொன்னார்.

ஒரு வாரத்தில் பூட்டு வந்தது. நானும் மறந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. எங்கள் மருத்துவமனையில் திங்கட்கிழமை தொற்றா நோய் ஓபி என்றால் திருவிழா மாதிரி இருக்கும். வரிசையில் ஓர் அக்கா. வயது ஐம்பதை நெருங்கும். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் பழைய நோயாளி. வந்தது சர்க்கரைக்காக இல்லை, நீர்க்கடுப்பு. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, லேசான காய்ச்சல். மூன்று மாதத்தில் இரண்டாவது முறை.

சீட்டைப் புரட்டினேன். ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை உண்டு, கடந்த மூன்று மாத சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். அவருக்கு டிசம்பரில் 7.6. ரொம்பக் கஷ்டப்பட்டு 10க்கு மேலிருந்து அங்கே இறக்கிக் கொண்டு வந்திருந்தோம். இப்போது 9.4.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மருத்துவர்களுக்கு வரக்கூடாத கோபம்தான், ஆனால் நூற்று இருபதாவது நோயாளியைப் பார்க்கும்போது வந்துவிடுகிறது.

"என்னக்கா, நடக்கச் சொன்னேனே, நடக்கறதில்லையா? மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"காலைல ராத்திரி போட்டுடறேன் சார். மத்தியானம் போடறதில்ல."

"ஏன்?"

அவர் பக்கத்தில் நின்ற ஆண்களைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அது போட்டா வயிறு கலக்குது சார். போக இடமில்ல."

அவர் செய்வது சமையல் வேலை. அண்ணா நகரில் காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு. காலையில் 6 மணிக்கு வந்தால் மதியம் 12.30க்கு முதல் இரண்டு வீடும் முடியும். அடுத்த வீடு 3.30க்கு. இடையில் வீட்டுக்குப் போய்வந்தால் பஸ்ஸிலேயே நேரம் போய்விடும். அந்த மூன்று மணி நேரம் எங்கே இருப்பது?

"அந்தப் பார்க்குல இருப்பேன் சார். அங்கதான் சாப்பிடுவேன். மாத்திர போடுவேன். நீங்க சொன்ன மாதிரி கால் மணி நேரம் நிழல்லயே சுத்துவேன். பாத்ரூம் இருக்கு, பைப்பு இருக்கு. இப்ப பூட்டிட்டாங்க."

"எந்தப் பார்க்குக்கா?"

சொன்னார்.

நான் பேனாவை மூடிவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நின்றவர்கள் மெஷின் ரிப்பேரா என்று பார்த்தார்கள்.

"சமைக்கிற வீட்ல பாத்ரூம் போகலாமேக்கா" என்றேன். என்ன ஒரு அறிவான கேள்வி பாருங்கள்.

"அதெல்லாம் நாம போகக் கூடாது சார்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னார்.

இப்போது மருத்துவராக உங்களுக்கு இதைப் பிரித்துச் சொல்கிறேன். நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒருவர் வேலை செய்கிறார்.

சர்க்கரை நோய்க்கு முதலில் கொடுக்கும் மாத்திரை மெட்ஃபார்மின். நல்ல மாத்திரை, மலிவானது, பல்லாண்டு காலமாக உலகமே நம்புவது. அதில் ஒரு தொல்லை, சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் குறையும். கழிப்பறை பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. இல்லாத ஆளுக்கு, அந்த வேளை மாத்திரையே போய்விடும்.

சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். போக இடமில்லை என்றால் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். அடக்குவார்கள். சர்க்கரை கலந்த சிறுநீர் பையில் தேங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். நீர்க்கடுப்பு வரும். கிருமித் தொற்று வந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும்.

அதாவது, அந்த அக்காவின் சீட்டில் நான் எழுதியிருந்த மாத்திரை, தண்ணீர், நடை என்ற மூன்று அறிவுரையும் நடந்துகொண்டிருந்தது ஒரே இடத்தில். அந்த இடத்தைப் பூட்டச் சொன்னதும் நானேதான்.

7.6லிருந்து 9.4க்கு ஏறியதற்கு ஒரு பூட்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பொங்கல் வந்தது, மகன் கல்யாணம் வந்தது, மாம்பழம் வந்தது. ஒரு நோயாளியை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாது. அதனால் பெரிய ஆய்வுக்கு வருகிறேன். அதுவும் எங்கோ அமெரிக்காவில் இல்லை. எங்கள் ஏரியாவிலேயே நடந்தது.

1996ல் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு என்று பெயர். இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, அண்ணா நகரை ஒட்டிய திருமங்கலத்தில் இருக்கும் ஆசியாட் காலனி, நடுத்தர வருவாய்க்காரர்கள். இன்னொன்று, தி.நகர் பக்கம் பாரதி நகர், குறைந்த வருவாய்க்காரர்கள்.

ஆசியாட் காலனியில் சர்க்கரை, இதய நோய் பற்றித் தொடர்ந்து விழிப்புணர்வு கொடுத்தார்கள். அதன் விளைவாக நடந்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலனி மக்களே முன்னின்று நடப்பதற்காக ஒரு பூங்காவை உருவாக்கினார்கள்.

ஆய்வு தொடங்கியபோது வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் நடந்தவர்கள் அங்கே 14.2 சதவிகிதம். பின்னால் போய்க் கணக்கெடுத்தபோது 58.7 சதவிகிதம். அறிவுரையை மட்டும் கொட்டி நான்கு மடங்கு ஆக்க முடியுமா என்று எந்த ஓபி மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பத்து வருடம் கழித்து இரண்டு காலனியிலும் சர்க்கரை நோயைக் கணக்கிட்டார்கள். ஆசியாட் காலனியில் 12.4 சதவிகிதமாக இருந்தது 15.4 ஆகியிருந்தது. கூடத்தான் செய்திருக்கிறது, ஆனால் கால் பங்கு. பாரதி நகரில் 6.5ஆக இருந்தது 15.3. இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை. இரண்டு காலனிக்கும் வருமானம், வயது, சாப்பாடு எல்லாமே வேறு. வித்தியாசம் முழுக்கப் பூங்காவால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இதில் படுவது வேறு. 'சர்க்கரை பணக்கார வியாதி' என்று ஊரில் சொல்வார்களே, அது முடிந்துபோன கதை. ஏழைகள் நம்மை எட்டிப் பிடித்துவிட்டார்கள், வருமானத்தில் இல்லை, சர்க்கரையில்.

2023ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். ஏழு பேரில் ஒருவர்.

சரி, நடந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சென்னை ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கும் 531 பேர். ஒரு குழுவுக்கு நடையும் உணவு மாற்றமும், ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின். நோய் வரும் வாய்ப்பு முதல் குழுவில் 28.5 சதவிகிதம் குறைந்தது, இரண்டாவது குழுவில் 26.4. மாத்திரைக்குச் சமமாக நின்றது நடை.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த 2021லிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடிப் போகிறது. அரசு மருத்துவனாக எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுக்கலாம். நடக்கிற இடத்தை எந்தப் பையில் போடுவது?

இனி கொஞ்சம் ஊர்க் கதை. எங்கள் பூங்காவுக்கு 'வெளியாள்' யார் என்பது இதைப் படித்தால்தான் புரியும்.

இன்று கோடிகளில் விலை பேசப்படும் அண்ணா நகர், அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் நடுவக்கரை, முல்லம் என்ற கிராமங்கள். 1968ல் இங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அண்ணா அப்போது முதல்வர். அந்தப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டதுதான் டவர் பூங்காவில் நிற்கும் கோபுரம். 135 அடி, 12 மாடி. பெயர் டாக்டர் விஸ்வேஸ்வரய்யா கோபுரம். (நம்ம டாக்டர் இல்லை, பொறியாளர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவர். நடப்பவராகத்தான் இருந்திருப்பார் என்பது என் சொந்த யூகம்.)

அடுத்த வருடம், 1969 பிப்ரவரி 3, அண்ணா மறைந்தார். உணவுக்குழாய்ப் புற்றுநோய். நகருக்கு அவர் பெயர் வந்தது.

நகரை உருவாக்கியது தனியார் பில்டர் இல்லை. 1961ல் அமைக்கப்பட்ட வீட்டு வசதி வாரியம். குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்று மூன்று வகையாருக்கும் வீடும் மனையும் கொடுப்பது அந்த வாரியத்தின் வழக்கம். இன்றைக்கு இங்கே பழைய குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டில் வீடு வாங்கிவிட்டாயே என்று சொந்தக்காரர்கள் சிரித்த கதையைச் சொல்வார்கள். அன்று அவர்களே ஊருக்கு வெளியாட்கள்தான்.

அந்த அகல அவென்யூ, அந்த மரம், அந்தப் பூங்கா எதுவும் நம் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் காசில் வந்ததில்லை. அரசுப் பணம், மாநகராட்சிப் பணம். டீத்தூள் வாங்கும்போது அந்த அக்கா கட்டும் வரியும் அதில் சேர்த்தி.

டவர் பூங்காவுக்கு இன்னொரு கதை இருக்கிறது. அதையும் மருத்துவராகவே சொல்கிறேன்.

கோபுரத்திலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்களுக்குப் பிறகு, 2011ல் மேலே ஏற அனுமதி நிறுத்தப்பட்டது. என் நண்பர்கள் சிலர் அதை முட்டாள்தனம் என்பார்கள். 'சாகணும்னு நினைக்கிறவன் வேற இடத்துக்குப் போவான்' என்பார்கள். அது தவறு. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு அலை. உச்சியில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், கைக்கெட்டும் வழியை அடைத்தால் பல உயிர்கள் தப்பும். உயரமான இடங்களில் தடுப்பு வைத்த பல நாடுகளில் பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை இது. (இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் இருந்தால் 104 அல்லது 14416க்கு இப்போதே அழையுங்கள். பதிவை அப்புறம் படிக்கலாம்.)

ஆக, அன்று மூடியதில் நியாயம் இருந்தது. ஆனால் கம்பி போட வேண்டிய இடத்தில் பூட்டு போட்டார்கள். பூட்டு போட்டது 2011. பாதுகாப்புக் கம்பிகள் அமைத்து, சீரமைத்து மக்களுக்குத் திறந்தது 2023. நடுவில் பன்னிரண்டு வருடம். அந்த ஊரில் பிறந்து ஏழாம் வகுப்பு வரை போன பிள்ளைகள் கோபுரத்தைக் கீழே நின்றுதான் பார்த்தார்கள்.

திறந்த பிறகு என் பையனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். நாலாவது மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. கம்பி இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ஊரைப் பார்த்தோம். அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் சின்னப் பூங்காவிலும் அதே கணக்குதான். பாட்டில் பிரச்சினை. பாட்டில் எப்போது வருகிறது? இரவில். நாங்கள் பூட்டியது எப்போது? பகலில். கண்ணாடிச் சில்லைப் போட்டுவிட்டுப் போனவன் யாரோ. தண்டனை, மதியச் சோற்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, இடத்தைத் துடைத்துவிட்டுப் போகும் சமையல்கார அக்காவுக்கு.

அவர் மட்டும் இல்லை. விசாரித்தால் வரிசையாக வருகிறார்கள். இரவு முழுக்க நின்றுவிட்டு அடுத்த ஷிப்டுக்குக் காத்திருக்கும் செக்யூரிட்டி தாத்தா. சாப்பாட்டு ஆர்டருக்காக பைக்கில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள். தெரு கூட்டும் அம்மாக்கள். வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் பெண். அண்ணா நகரை அண்ணா நகராக வைத்திருப்பவர்கள் இவர்கள். இரண்டு வேளைக்கு நடுவில் உட்கார ஒரு பெஞ்சு அவர்களுக்கு இல்லை.

'டாக்டர், அவங்க நாள் முழுக்க உடம்பை வச்சு உழைக்கறாங்களே, தனியா எதுக்கு நடை?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலையில் செலவாகும் உழைப்பும் உழைப்புதான், உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் சமையல் என்பது ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் நிற்பது. செக்யூரிட்டி என்றால் உட்காருவது. டெலிவரி தம்பிக்கு வண்டிதான் ஓடுகிறது, அவர் ஓடவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை என்ற கணக்கு இவர்களுக்கும் வேண்டும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே அந்த வேளைச் சோற்றின் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும்.

மதியம் நடக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நிழலில் மட்டும் நடங்கள். மே மாத மதிய வெயிலில் வேண்டவே வேண்டாம், தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் எந்தக் காரணம் கொண்டும் வெறும் காலில் நடக்காதீர்கள், 'அக்குபிரஷர் பாதை' என்று கல் பதித்து வைத்திருந்தாலும் சரி. கால் மரத்துப்போனவருக்கு அந்தக் கல் குத்தியதே தெரியாது, புண்ணாகி வரும்போது எங்களிடம்தான் வருவீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே வாயில் போடுங்கள்.

அந்த அக்காவுக்கு நீர்க்கடுப்புக்கு மருந்து எழுதினேன். மதிய வேளை மெட்ஃபார்மினை எடுத்துவிட்டு, மெதுவாகக் கரையும் வகையை இரவுச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தேன். வயிற்றைக் கலக்குவது அதில் குறைவு. இதை நான் டிசம்பரிலேயே கேட்டு மாற்றியிருக்கலாம். கேட்கவில்லை. 'மாத்திரை எப்போது போடுகிறீர்கள்' என்று கேட்பேன். 'எங்கே வைத்துப் போடுகிறீர்கள்' என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கையெழுத்து போட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேனா? அன்றைக்குச் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்துக்குப் போனேன். வந்து இத்தனை வருடத்தில் முதல் தடவை. பகலில் திறந்து வையுங்கள், இரவு 9 மணிக்குப் பூட்டுங்கள், விளக்கு போடுங்கள், குப்பைத் தொட்டி வையுங்கள், கழிப்பறையைத் திறந்தே வையுங்கள் என்று பேசினேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டு அம்மிணியும் வெளிய படிக்கட்டுலதான் உக்கார்றா, எனக்கே இப்பதான் தோணுது" என்றார்.

தலைவர் நல்ல மனுஷர், ஓய்வுபெற்ற அதிகாரி. கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"டாக்டர் தம்பி, இதுல எழுபது கையெழுத்து இருக்கு. இருபத்து மூணாவது உங்களுது. பக்கத்துல எம்பிபிஎஸ்னு வேற போட்டிருக்கீங்க. மாத்தணும்னா இதே அளவு கையெழுத்தோட வாங்க. வரட்டுமே, நானே வார்டு ஆபீஸ்ல கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

இப்போது நான் தாளோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டியூட்டி இல்லாத மாலைகளில் மட்டும். இதுவரை நாற்பத்தியொன்று. மூன்று பேர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டி அரைமணி நேரம் இலவச ஆலோசனை வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

போன வாரம் அக்கா மறுபடி ஓபிக்கு வந்தார். எரிச்சல் இல்லை, சாப்பிட்ட பின் சர்க்கரை 210. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்து உட்பட. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தத் தாள்ல நானும் கையெழுத்து போடலாமா சார்?" என்று கேட்டார்.

தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் போட முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தியிரண்டாவதாக அவர் பெயர் இருக்கிறது. தலைவர் எண்ணிக்கொள்வாரா என்று ஞாயிற்றுக்கிழமை தெரியும்.


ஓர் அரசு மருத்துவர், சென்னை